ஏரிக்கரையில் முதல் அரை மணி நேரம்

கேள்வி: டாக்டர், அடுத்த மாதம் இரண்டு காரில் குடும்பத்தோடு ஒரு நீண்ட பயணம் போகிறோம். நான், கணவர், கொழுந்தனார், ஓரகத்தி, மாமியார் என்று பெரியவர்கள் ஐந்து பேர். எனக்கு 9 வயதில் மகள், 4 வயதில் மகன், 14 மாதத்தில் கடைக்குட்டி. ஓரகத்தி மகனுக்கு 6 வயது. 820 கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஏரிக்கரையில் மரக்குடில் எடுத்திருக்கிறோம். அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே போவதாகத் திட்டம். வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், விடிந்ததும் ஏரிக்குப் போய்விடலாம் என்கிறார் கணவர். மகளுக்குக் காரில் ஏறினாலே வாந்தி. மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இரவில் அங்கே நன்றாகக் குளிருமாம், குடிலில் அடுப்பு இருக்கிறதாம். வாசற்படியில் இறங்கி இருபது அடி வைத்தால் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. "ஐந்து பெரியவர்கள் இருக்கிறோம், நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாட்டோமா?" என்று கணவர் சிரிக்கிறார். நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? மகள் வேறு, ராத்திரி ஏரிக்கரையில் படுத்து நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தேவையில்லாமல் பயப்படவில்லை. குழந்தை மருத்துவராகப் பல வருடம் அவசரப் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், தண்ணீரைப் பார்த்துப் பயப்படும் தாயை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை. ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி யோசிக்கச் சொல்வேன். பிள்ளைகள் ஏரியில் குளிக்கும்போது என்ன ஆகுமோ என்றுதான் உங்கள் மனம் அடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் எல்லோருடைய கண்ணும் தண்ணீரில்தான் இருக்கும். எனக்குப் பயம் தருவது போய் இறங்கும் முதல் அரை மணி நேரம். டிக்கி திறந்து கிடக்கும். ஒருவர் சாவியைத் தேடுவார், ஒருவர் பால் புட்டியைத் தேடுவார், ஒருவர் கழிப்பறைக்கு ஓடுவார். குடில் கதவு விரியத் திறந்திருக்கும். மழலைகள் தண்ணீரில் தவறி விழுவது பெரும்பாலும் இப்படி யாரும் எதிர்பார்க்காத நேரத்தில்தான்.

உங்கள் கணவரின் இரவுப் பயணத் திட்டத்தை இந்த அரை மணி நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். 820 கிலோமீட்டர் என்றால் நிறுத்தி நிறுத்திப் போக எப்படியும் 13 மணி நேரம். காலை 9 மணிக்குப் போய்ச் சேருவீர்கள். ராத்திரி முழுக்க ஓட்டிய இருவரும் கண்ணைத் திறக்க முடியாமல் இருப்பார்கள். மற்ற மூவரும் கழுத்து வலியோடு பாதி தூங்கி, பாதி விழித்து வந்திருப்பீர்கள். பிள்ளைகள் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்து, துள்ளிக் குதிக்கத் தயாராக இருப்பார்கள். "பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்" என்பதைத்தான் அவர் இந்தத் திட்டத்தின் நல்ல பக்கமாகச் சொல்கிறார். எனக்கு அதுவே பெரிய கவலை.

சாலையிலும் இந்தத் திட்டம் நல்லதல்ல. அவர் வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து வேலைக்குப் போயிருந்தால், இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் விழித்திருக்கிறார் என்று கணக்கு. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் நேச்சர் இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் ஆகும்போது அது 0.10 சதவீத அளவு. பல நாடுகளில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பே 0.05தான். ஆக, ஒரு சொட்டுக் குடிக்காமலேயே உங்கள் கணவர் விடியற்காலையில் குடித்தவர் நிலையில் ஓட்டிக்கொண்டிருப்பார். அதிலும் பின்னிரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பின் கடிகாரமே நம்மைத் தூக்கத்துக்குள் இழுக்கிற நேரம். 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி கண் அசந்தால் கார் 110 மீட்டருக்கு மேல் தானாக ஓடியிருக்கும். ஜன்னலைத் திறந்துவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது இதெல்லாம் அந்த 4 விநாடியைத் தடுக்காது. காபி ஓரளவு உதவும், ஆனால் வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். நிஜமான மருந்து தூக்கம் ஒன்றுதான்.

அதனால் என் யோசனை இது. வெள்ளிக்கிழமை எல்லோரும் நேரத்தோடு படுங்கள். சனிக்கிழமை காலையில் கிளம்பி, 450 கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு, மாலையில் வழியிலேயே எங்காவது சாதாரணமாக ஓர் அறை எடுத்துத் தூங்குங்கள். ஞாயிறு மதியம் ஏரிக்குப் போய்ச் சேரலாம். குடிலில் இரண்டு இரவு ஓர் இரவாகிவிடும். பிள்ளைகள் முகம் வாடும், கட்டிய பணமும் கொஞ்சம் வீணாகும். தெரிந்துதான் சொல்கிறேன். தூங்கி எழுந்த ஐந்து பேரோடு ஒரு பகல், ஓர் இரவு ஏரியில் இருப்பது, தூங்காத ஐந்து பேரோடு இரண்டு நாள் இருப்பதைவிட எவ்வளவோ மேல். பயணத்தை ஒரு நாள் நீட்ட முடிந்தால் இன்னும் நல்லது. எப்படிப் போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே ஏரிக்குப் போய்ச் சேருங்கள். இருட்டில் முதன்முதலாக இறங்கினால் தண்ணீர் எங்கே தொடங்குகிறது, தண்ணீருக்குள் நீளும் மரப்பலகை மேடையான மரத்துறை எங்கே முடிகிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது.

கார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த கார் சீட், நான்கு வயதுக்காரனுக்குத் தோள்பட்டை வார் வைத்த சீட், மற்ற இருவருக்கும் உயரம் 145 சென்டிமீட்டர் ஆகும் வரை பூஸ்டர் சீட். நால்வரும் பின்னால்தான். அழுகிறானே என்று கடைக்குட்டியை ஓடும் காரில் மடிக்கு எடுக்காதீர்கள். மோதும் கணத்தில் பத்துக் கிலோ குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து வைக்க முடியாது. அழுதால் நிறுத்துங்கள், இறக்கி நடக்க விடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படியும் நிறுத்த வேண்டியிருக்கும். ஓட்டுபவருக்கு அது வேண்டும், சுருண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு வேண்டும், உங்கள் மாமியாரின் கால்களுக்கும் வேண்டும். அப்புறம், தூங்குகிறது என்று எந்தக் குழந்தையையும் நிறுத்திய காரில் விட்டுப் போக வேண்டாம். வெயிலில் பத்தே நிமிடத்தில் காருக்குள் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது.

உங்கள் மகளின் வாந்தி. பாவம், அது பிடிவாதமும் இல்லை, நடிப்பும் இல்லை. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு "நாம் நகர்கிறோம்" என்கிறது. மடியில் இருக்கும் புத்தகத்தையோ போனையோ பார்க்கும் கண் "இல்லை, எல்லாம் நின்றபடிதான் இருக்கிறது" என்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாததால் வருவதுதான் குமட்டல். 2 வயதிலிருந்து 12 வயது வரை இது அதிகம், அவள் அதன் உச்சத்தில் இருக்கிறாள். முன் கண்ணாடி வழியாகத் தூரத்துச் சாலையைப் பார்க்கும்படி பின்சீட்டின் நடுவில் அவளை உட்கார வையுங்கள், அங்கே தோளோடு வரும் பெல்ட் இருந்தால். திரையும் புத்தகமும் வேண்டாம். பாட்டு கேட்கலாம், கதை கேட்கலாம். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. எண்ணெய் இல்லாத லேசான உணவு, அடிக்கடி கொஞ்சம் தண்ணீர். வாந்தித் தடுப்பு மாத்திரை தருவதாக இருந்தால் அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் எடையைச் சொல்லி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்தால்தான் பலன் இருக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த மருந்து தூக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பைத் தரும். அதனால் பயண நாளுக்கு முன்பே, குட்டிப் பயணம் ஒன்றில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மாத்திரை போட்ட பிள்ளைக்கு மந்தம் இருக்கும். அன்று அவளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

மாமியாரின் இன்சுலின் பெரிய சிக்கலில்லை. பயன்பாட்டில் இருக்கும் பேனா பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வரை தாங்கும். டிக்கியிலும் டேஷ்போர்டிலும் வைக்கக் கூடாது, அங்கே வெப்பம் மிக அதிகமாகிவிடும். ஐஸ் மேலே நேராக வைத்து உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இன்சுலினைவிட, ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போவதுதான் பயணத்தில் அதிகம் நடக்கும் ஆபத்து. "இன்னும் அரை மணியில் கடை வந்துவிடும்" என்று சொல்லிச் சொல்லி இரண்டு மணி நேரம் ஆகிவிடும். உணவு கண்ணெதிரே வந்த பிறகே ஊசி போடட்டும். கையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும்.

சரி, ஏரிக்கு வருவோம். உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. அவரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்ற நால்வரில் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நம்புகிறார்கள். ஒரு தாய் தனியாக இருந்தால் கண்ணை எடுக்க மாட்டாள். ஐந்து பேர் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தை நழுவிப் போவது யாருக்கும் தெரிவதில்லை. "நீ பார்க்கிறாய் என்று நினைத்தேன்" என்ற வார்த்தையை மருத்துவமனை வராந்தாவில் நான் கேட்டிருக்கிறேன். இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

அதனால் எந்த நேரமாக இருந்தாலும் தண்ணீருக்குப் பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். ஒரு விசிலை வாங்கி நூலில் கோத்துக்கொள்ளுங்கள். யார் கழுத்தில் விசில் இருக்கிறதோ அவர்தான் காவல். அவருக்குப் போன் கிடையாது, அடுப்பு வேலை கிடையாது, அரட்டை கிடையாது. மது அருந்தியவர் கழுத்தில் அந்த விசில் ஏறக் கூடாது, இதில் தாட்சண்யமே வேண்டாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் யார் கண்ணும் தானாகச் சோர்ந்துவிடும். மாற்றும்போது வாய் திறந்து சொல்ல வேண்டும்: "விசில் உங்களிடம்." "ஆமாம், என்னிடம்." இந்தப் பதில் வரும்வரை முதல் ஆள் இடத்தை விட்டு எழக் கூடாது. கார் ஏரிக்கரையில் நிற்கும் முன்பே முதல் விசில் ஒருவர் கழுத்தில் இருக்கட்டும். மற்றவர்கள் மூட்டையைத் தொடுவதற்கு முன்னால் நான்கு பிள்ளைகளும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருக்கட்டும். நீந்தத்தான் அது வேண்டும் என்றில்லை. குடிலுக்கு வெளியே, தண்ணீர் பக்கம் இருக்கும் நேரமெல்லாம் சின்னவர்கள் இருவருக்கும் அது சட்டை மாதிரி.

ஜாக்கெட்டை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். எல்லா வாரையும் இறுக்கிவிட்டுத் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்குங்கள். அது குழந்தையின் காது வரை ஏறி வந்தால் அளவு பெரிது, பயன்படாது. "வளர்ந்தால் போட்டுக்கொள்ளலாம்" என்று பெரிதாக வாங்கும் பொருள் அல்ல அது. கடைக்குட்டிக்குத் தலையைத் தாங்கும் கழுத்துப் பட்டையும், கால்களுக்கு நடுவே வரும் வாரும் இருப்பதாகப் பாருங்கள். காற்றடித்த கைவளையம், டியூப், மிதக்கும் வாத்து இவையெல்லாம் விளையாட்டுச் சாமான்கள்தான். உயிரை அவற்றை நம்பி விடக் கூடாது. நீச்சலுடை வாங்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது அடர் இளஞ்சிவப்பு வாங்குங்கள். நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்கள் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும்.

இன்னொன்றையும் ஐந்து பேரும் தெரிந்துகொள்ள வேண்டும். மூழ்கும் பிள்ளை கூப்பிடாது. கையை ஆட்டி, தண்ணீரை அடித்து, "காப்பாத்துங்க" என்று கத்தும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் மூழ்குபவர்களைப் பல காலம் கவனித்து விளக்கியது வேறு. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணநேரம் மூச்சு இழுக்கவே போதாது, பிறகு எங்கே கத்துவது? கைகள் இரண்டு பக்கமும் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், அசைத்துக் கூப்பிட முடியாது. உடம்பு நேராக, ஏணி ஏறுகிற மாதிரி நிற்கும். இதெல்லாம் 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும். எந்தச் சத்தமும் இருக்காது. விளையாடும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். கூச்சல் நின்றால் உடனே திரும்பிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு 5 வயதுக்கு உட்பட்டவர்கள். உங்கள் வீட்டில் அந்த வயதில் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில், அவரும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். விசில் காவல் அதற்கும் மேலே.

ஏரி நீச்சல் குளம் மாதிரி அல்ல. கலங்கிய தண்ணீரில் அடி தெரியாது. முழங்கால் அளவில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த எட்டில் ஆள் ஆழத்துக்கு இறங்கும். சேறு காலைப் பிடிக்கும், கொடி சுற்றும். மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே சில்லென்று இருக்கும். திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் குதித்தால் உடம்பு தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நன்றாக நீந்தும் பெரியவர்களே இதில் போயிருக்கிறார்கள். அதனால் மரத்துறையிலிருந்து யாரும் குதிக்க வேண்டாம், உங்கள் கணவரும் கொழுந்தனாரும் சேர்த்துத்தான். நீண்ட கம்பால் அடியைத் தொட்டுப் பார்த்து, ஓரத்திலிருந்து மெல்ல நடந்து இறங்குங்கள். தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டினது போல ஆடை மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசி, அன்றைக்கு ஒருவரும் இறங்கக் கூடாது. இடி கேட்டால் உடனே கரையேறிக் காருக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

உங்களுக்கு நீச்சல் தெரியாது என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். காவலுக்குக் கண்தான் முக்கியம், அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் ஒன்றை எனக்கு வாக்காகக் கொடுங்கள்: யார் மூழ்கினாலும், உங்கள் பிள்ளையாகவே இருந்தாலும், நீங்கள் ஆழத்தில் குதிக்க மாட்டீர்கள். காப்பாற்றக் குதித்தவர்கள் சேர்ந்து போன வீடுகள் நிறைய. விசிலை ஊதுங்கள், கம்பை நீட்டுங்கள், மிதக்கும் எதையாவது எறியுங்கள். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் எறிவதற்கு வாகாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, பதினைந்து மீட்டர் கயிறு கட்டி வாசலிலேயே வையுங்கள். இறங்கியதும் பெரியவர்கள் ஆளுக்கு இரண்டு முறை எறிந்து பழகுங்கள். எறியத் தெரிந்தவர் கையில் அந்தக் கேன் உயிரைக் காக்கும்.

இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்குள் உங்களில் இரண்டு பேராவது முதலுதவி வகுப்புக்குப் போய், பொம்மையில் கை வைத்துச் செய்து பழகிவிட்டு வாருங்கள். இந்தக் கடிதத்தில் நான் கேட்பவற்றில் இதைத்தான் தள்ளிப்போட்டுவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் மறுபடி சொல்கிறேன், போய்விட்டு வாருங்கள். மூழ்கியவருக்கு இதயம் நிற்பது மூச்சு நின்றதால். அதனால் அவருக்கு முதலில் வேண்டியது வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு நெஞ்சை 30 முறை அழுத்தி 2 மூச்சு என்று உதவி வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் அந்தப் பொன்னான நிமிடங்களை வீணாக்கும், வாந்தி நுரையீரலுக்குள் போகும். தண்ணீரிலிருந்து எடுத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்ட பிள்ளைக்கும் இருமல் அடங்காவிட்டால், மூச்சு வேகமாக வாங்கினால், அசாதாரணமாகத் தூங்கி வழிந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஏரிப் பக்கம் சிக்னல் இல்லாமல் போகலாம். குடிலின் சரியான முகவரியையும் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகும் வழியையும் தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

அந்தக் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது இடத்தில் குழந்தைகள் விடியும் முன்னே எழுந்துவிடுவார்கள், முந்தின நாள் பார்த்த தண்ணீர்தான் முதலில் நினைவுக்கு வரும். உள்தாழ்ப்பாள் மேலே, எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று முன்பதிவு செய்தவரிடம் இன்றே கேளுங்கள். இல்லாவிட்டால் கதவில் ஒரு சின்ன மணியைக் கட்டித் தொங்கவிடுங்கள், கதவை ஒட்டி ஒரு பெரியவர் படுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டியில் உருகிய தண்ணீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள். வாளியையும் கவிழ்த்து வையுங்கள். எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழும் 14 மாதக் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். எப்போதாவது ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் ஏரிக்கு ஓடுங்கள். கட்டிலுக்கு அடியிலும் காருக்குள்ளும் பிறகு தேடலாம். ஒளிந்து விளையாடும் பிள்ளை இன்னும் பத்து நிமிடம் ஒளிந்திருந்தாலும் ஒன்றும் ஆகாது.

குடிலில் அடுப்பு என்றீர்களே, அது என்ன அடுப்பு? புகைபோக்கி வைத்துக் கட்டிய அடுப்பாக இருந்தால், குழாய் அடைப்பில்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். வெளியே சமைத்த கரி அடுப்பை, "தணல் அணையப் போகிறதே, கொஞ்சம் கதகதப்பாக இருக்கும்" என்று உள்ளே எடுத்து வருவதுதான் உயிரை எடுக்கும். அணைந்துகொண்டிருக்கும் கரியிலிருந்துகூடக் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தச் சிவப்பணுவோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஒரே குடிலில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இந்தப் பயணத்தில் நீங்கள் வாங்கும் பொருள்களில் லைஃப் ஜாக்கெட்டுக்கு அடுத்தது அதுதான். இரவு நெருப்பு மூட்டி உட்கார்ந்தால் எழும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பல் மூடிய தணல் காலையிலும் சுடும். அதில் கால் வைப்பது எப்போதும் சீக்கிரம் எழுந்த குழந்தைதான்.

உங்கள் மகள் கேட்டதற்குக் கடைசியாக வருகிறேன். ஏரிக்கரையில் படுத்து நட்சத்திரம் பார்க்கலாமா? கட்டாயம் பார்க்கட்டும். சின்னவர்கள் மூவரும் தூங்கிய பிறகு, பாட்டியும் சித்தியும் குடிலுக்குள் அவர்களோடு இருக்க, நீங்கள் இருவரும் அவளை அழைத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் ஓரத்தில் வேண்டாம், நல்ல மேடான இடமாகப் பார்த்துப் பாயை விரியுங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் போனையும் கவிழ்த்து வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். முதல் பத்து நிமிடத்தில் "ஒண்ணுமே தெரியலையே" என்பாள், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். போர்வை இரண்டாக எடுத்துப் போங்கள், ஏரிக் காற்று நேரம் ஆக ஆகக் குளிரும்.